நீங்கள் சொல்ல வந்தது இதுவா?
கட்டளையைத் தவறாக டைப் செய்தால் கம்ப்யூட்டர் தரும் யோசனைகள்

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் எல்லோரும் மவுஸை வைத்துத்தான் வேலை செய்கிறோம். ஐகானைக் கிளிக் செய்தால் புரோகிராம் திறக்கிறது. ஃபைலை இழுத்துப் போட்டால் இடம் மாறுகிறது. சில மாதங்கள் கழித்து நண்பர் யாராவது, "கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து இந்தக் கட்டளையைக் கொடுங்கள், பிரச்சினை என்னவென்று தெரிந்துவிடும்" என்பார். நீங்களும் திறப்பீர்கள். கறுப்புத் திரை ஒன்று தோன்றும். அதில் ஐகான் இல்லை, மெனு இல்லை. கண் சிமிட்டும் கர்சர் மட்டும்தான். நீங்கள் டைப் செய்வதை மட்டுமே அது புரிந்துகொள்ளும்.

அங்கே ஓர் எழுத்தை மாற்றி டைப் செய்துவிட்டால் என்ன ஆகும்? சில புரோகிராம்கள் "தெரியாது" என்று சொல்லிவிடும். வேறு சில, "நீங்கள் சொல்ல வந்தது இதுவா?" என்று யோசனை கூறும். இந்த யோசனைகளை எப்படிப் புரிந்துகொள்வது, எப்போது ஏற்பது, எப்போது ஒதுக்குவது என்பதுதான் இந்த மாதப் பாடம்.

நான் சாஃப்ட்வேர் இன்ஜினீயராக வேலை பார்க்கிறேன். நாள் முழுவதும் எனக்கு இந்தக் கறுப்புத் திரையில்தான் வேலை. அப்படியிருந்தும் இப்படி ஒரு யோசனைக்குச் சரி சொல்லி, எங்கள் ஆச்சியின் 80-வது பிறந்தநாள் படங்களை இழந்தேன். அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன். முதலில் அடிப்படையைப் பார்ப்போம்.

கட்டளைத் திரையைத் திறப்பது

விண்டோஸ் கம்ப்யூட்டரில் விண்டோஸ் கீயையும் ஆர் கீயையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் சிறிய கட்டத்தில் சி, எம், டி என்ற மூன்று எழுத்துகளை டைப் செய்து என்டர் கீயை அழுத்துங்கள். கமாண்ட் பிராம்ப்ட் திறக்கும். உபுண்டு போன்ற லினக்ஸிலும் ஆப்பிளின் மேக்கிலும் இதே வேலையைச் செய்யும் புரோகிராமுக்கு டெர்மினல் என்று பெயர்.

இந்தக் கட்டுரையில் கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கீபோர்டில் ஆங்கில எழுத்துகளில்தான் டைப் செய்ய வேண்டும். உதாரணமாக, ஃபோல்டரில் உள்ளவற்றைப் பட்டியலிட விண்டோஸில் "டிர்" என்ற கட்டளை உள்ளது. எழுத்துகள் டி, ஐ, ஆர். லினக்ஸில் அதே வேலைக்கு "எல்எஸ்". எழுத்துகள் எல், எஸ்.

தவறினால் கிடைக்கும் ஐந்து வகைப் பதில்கள்

கட்டளையைத் தவறாக டைப் செய்யும்போது கிடைக்கும் பதில்களை ஐந்து வகையாகப் பிரிக்கலாம்.

1. வெறும் மறுப்பு. பழைய எம்எஸ்-டாஸில் "பேட் கமாண்ட் ஆர் ஃபைல் நேம்" என்று வரும். தவறான கட்டளை அல்லது ஃபைல் பெயர் என்று பொருள். இன்றைய விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்ட்டும் ஏறக்குறைய இதையேதான் சற்று நீட்டிச் சொல்கிறது. யுனிக்ஸின் பழைய "ஈடி" எடிட்டர் இன்னும் சிக்கனம். என்ன தவறு செய்தாலும் ஒரு கேள்விக்குறியை மட்டும் காட்டும்.

2. ஒத்த பெயரைக் காட்டுவது. "இப்படி ஒரு கட்டளை இல்லை. இதற்கு மிக நெருக்கமானது இது" என்று வரும். ஆனால் எதையும் செய்யாது. நாம்தான் மறுபடி டைப் செய்ய வேண்டும்.

3. புதிதாக நிறுவச் சொல்வது. "இந்தக் கட்டளை உங்கள் கம்ப்யூட்டரில் இல்லை. வேண்டுமானால் இப்படி இன்ஸ்டால் செய்துகொள்ளலாம்" என்று வரும். உபுண்டுவில் இது அடிக்கடி தோன்றும்.

4. கேட்டுவிட்டுச் செய்வது. "இதை அதுவாகத் திருத்தட்டுமா?" என்று கேட்கும். ஒய் கீயை அழுத்தினால் திருத்தியபடி உடனே செய்துவிடும்.

5. கேட்காமலே செய்வது. திருத்தியதாக ஒரு வரி காட்டிவிட்டுத் தானே செயலில் இறங்கிவிடும்.

ஒன்றிலிருந்து ஐந்துக்குப் போகப் போக வசதி கூடுகிறது. ஆபத்தும் கூடுகிறது.

யோசனை எங்கிருந்து வருகிறது?

கம்ப்யூட்டர் நம் மனதில் இருப்பதைக் கண்டுபிடித்துச் சொல்கிறது என்று புதியவர்கள் நினைப்பதுண்டு. உண்மையில் அது எழுத்துகளை மட்டும்தான் எண்ணுகிறது.

ஒரு சொல்லை இன்னொரு சொல்லாக மாற்ற எத்தனை எழுத்துத் திருத்தங்கள் தேவை என்று கணக்கிடுவார்கள். ஓர் எழுத்தைச் சேர்ப்பது ஒரு திருத்தம். நீக்குவது ஒரு திருத்தம். ஓர் எழுத்துக்குப் பதில் வேறு எழுத்தைப் போடுவதும் ஒரு திருத்தம். இந்த எண்ணிக்கைக்கு லெவன்ஷ்டைன் தூரம் என்று பெயர். 1965-ல் இதை வரையறுத்த சோவியத் கணித அறிஞர் விளாதிமிர் லெவன்ஷ்டைனின் பெயர் இது.

அதற்கு ஓராண்டு முன், 1964-ல், ஐபிஎம் நிறுவனத்தைச் சேர்ந்த ஃபிரெடரிக் டாமெராவ் எழுத்துப் பிழைகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர் பார்த்த பிழைகளில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டவை நான்கே வகைக்குள் அடங்கின. ஓர் எழுத்து கூடியிருக்கும், அல்லது விட்டுப்போயிருக்கும், அல்லது மாறியிருக்கும், அல்லது அடுத்தடுத்த இரண்டு எழுத்துகள் இடம் மாறியிருக்கும். வேகமாக டைப் செய்யும்போது எல்எஸ் என்பது எஸ்எல் ஆகிவிடுவது இந்த நான்காவது வகை.

நீங்கள் டைப் செய்த சொல்லைத் தன்னிடம் உள்ள கட்டளைப் பட்டியலோடு புரோகிராம் ஒப்பிடும். தூரம் குறைவாக உள்ளதை எடுத்து "இதுவா?" என்று கேட்கும். ஒவ்வொரு புரோகிராமும் கணக்கைச் சற்று மாற்றிப் போடும். ஆனால் அடிப்படை இதுதான்.

இந்தக் கணக்கு வெறும் எழுத்துக் கணக்கு. பொருள் இதில் எங்கும் வரவில்லை.

தமிழில் ஓர் உதாரணம் பாருங்கள். மருந்து, விருந்து. முதல் எழுத்து மட்டுமே வேறு. எழுத்துக் கணக்கில் தூரம் 1. மிக நெருக்கமான சொற்கள். "விருந்தும் மருந்தும் மூன்று நாள்" என்று இரண்டையும் சேர்த்தே சொல்வார்கள். அதற்காக, மருந்து கேட்டவருக்கு விருந்து வைக்க முடியுமா?

கம்ப்யூட்டரிலும் இதே சங்கடம் உண்டு. புரோகிராமைச் சேர்க்க "இன்ஸ்டால்". நீக்க "அன்இன்ஸ்டால்". ஆங்கிலத்தில் இரண்டுக்கும் முன்னால் உள்ள யூ, என் என்ற இரண்டு எழுத்துகள்தான் வித்தியாசம். நீங்கள் அன்இன்ஸ்டால் என்று டைப் செய்ய நினைத்து முதல் எழுத்தான யூவை விட்டுவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இப்போது திரையில் உள்ள சொல் என் என்ற எழுத்தில் தொடங்குகிறது. அதில் யூவைச் சேர்த்தால் அன்இன்ஸ்டால். என்னை நீக்கினால் இன்ஸ்டால். இரண்டுக்கும் தூரம் 1. சேர்ப்பதும் நீக்குவதும் எதிரெதிர் வேலைகள். எழுத்துக் கணக்கிலோ இரண்டும் ஒரே தூரத்தில் நிற்கின்றன. நீங்கள் எதை நினைத்தீர்கள் என்பதை இந்தக் கணக்கால் சொல்லவே முடியாது.

உதவாத யோசனைகள்: சில உதாரணங்கள்

உதாரணம் 1: ரயில் வண்டி. உபுண்டுவில் எல்எஸ் என்பதற்குப் பதில் எஸ்எல் என்று டைப் செய்துவிட்டீர்கள். "எஸ்எல் என்ற கட்டளை இல்லை. ஆனால் அதை இப்படி இன்ஸ்டால் செய்யலாம்" என்று பதில் வருகிறது. நம்பி இன்ஸ்டால் செய்து மறுபடி எஸ்எல் என்று கொடுத்தால், எழுத்துகளாலேயே வரைந்த ஒரு நீராவி ரயில் புகைவிட்டபடி திரையின் வலமிருந்து இடமாக ஓடும். ஃபைல் பட்டியல் வராது. எல்எஸ்ஸைத் தவறாக டைப் செய்பவர்களைக் கேலி செய்வதற்காகவே ஜப்பானைச் சேர்ந்த டொயோடா மசாஷி 1993-ல் எழுதிய புரோகிராம் அது. உபுண்டு சொன்ன தகவலில் பிழை எதுவும் இல்லை. உங்களுக்குத்தான் அது பயன்படவில்லை.

உதாரணம் 2: சரியாக டைப் செய்தும் வரும் யோசனை. ஜிட் என்பது புரோகிராமர்கள் தங்கள் ஃபைல்களின் பழைய நிலைகளைச் சேமித்து வைக்கப் பயன்படுத்தும் சாஃப்ட்வேர். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் எழுதியது. பெரிய ஃபைல்களைக் கையாள எல்எஃப்எஸ் என்ற துணைச் சாஃப்ட்வேரைத் தனியாக நிறுவ வேண்டும். அது இல்லாத கம்ப்யூட்டரில் "ஜிட் எல்எஃப்எஸ்" என்று கொடுத்தால், அப்படி ஒரு கட்டளை இல்லை என்பதோடு, மிக நெருக்கமான கட்டளை "லாக்" என்றும் பதில் வருவதைப் பார்த்திருக்கிறேன். லாக் என்பது பழைய மாற்றங்களின் பட்டியலைக் காட்டும் கட்டளை. பெரிய ஃபைலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இங்கே எழுத்துப் பிழையே கிடையாது. தேவையான சாஃப்ட்வேர் இல்லை என்பதுதான் பிரச்சினை. யோசனை தரும் புரோகிராமோ, பிழை உங்கள் விரலில்தான் என்று முடிவு செய்துவிடுகிறது.

உதாரணம் 3: இருப்பதையே மறுபடி வாங்கச் சொல்வது. விண்டோஸ் 10, 11 கம்ப்யூட்டர்களில் கட்டளைத் திரையில் "பைதான்" என்று டைப் செய்து, அது கிடைக்காவிட்டால், மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறக்கலாம். பைதான் இல்லாதவருக்கு இது நல்ல யோசனைதான். ஆனால் பலர் ஏற்கெனவே பைதானை இன்ஸ்டால் செய்திருப்பார்கள். அது எந்த ஃபோல்டரில் உள்ளது என்பதை விண்டோஸுக்குத் தெரிவிக்கும் "பாத்" என்ற பட்டியலில் சேர்க்க மறந்திருப்பார்கள். அவர்களும் யோசனையை ஏற்று ஸ்டோரிலிருந்து இன்னொரு பைதானை நிறுவுவார்கள். இப்போது ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு பைதான். ஒன்றில் சேர்த்த துணைச் சாஃப்ட்வேர் மற்றொன்றில் இருக்காது. பிரச்சினை இரட்டிப்பாகிறது.

உதாரணம் 4: அவசரக்காரத் திருத்தம். ஜிட்டில் தவறான கட்டளையைத் தானே திருத்திச் செயல்படுத்தும் வசதி ஒன்று உண்டு. செயல்படுத்துமுன் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று ஓர் எண் கொடுக்கலாம். 5 என்று கொடுப்பவர் 5 விநாடி கிடைக்கும் என்று நினைப்பார். ஆனால் இங்கே அளவு விநாடி அல்ல, விநாடியில் பத்தில் ஒரு பங்கு. எனவே 5 என்றால் அரை விநாடி. படித்துப் புரிந்து தடுப்பதற்குள் வேலை முடிந்திருக்கும். இந்த வசதி வேண்டுமென்றால் "பிராம்ப்ட்" என்ற அமைப்பைத் தேர்வு செய்யுங்கள். கேட்டுவிட்டுத்தான் செய்யும்.

ஒரு நல்ல உதாரணத்தையும் சொல்லிவிடுகிறேன். ஜாவாஸ்கிரிப்ட் எழுதுபவர்கள் பயன்படுத்தும் என்பிஎம் என்ற சாஃப்ட்வேரில், இன்ஸ்டால் என்பதை எழுத்து மாறி "ஐ, எஸ், என், டி, ஏ, எல், எல்" என்று டைப் செய்தாலும் அது இன்ஸ்டால் என்றே ஏற்றுக்கொள்ளும். பலரும் செய்யும் பிழை என்பதால் அதையும் ஒரு மாற்றுப் பெயராகச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். இங்கே எழுத்துகளை எண்ணிப் பார்த்து ஊகிக்கவில்லை. இந்தப் பிழைக்கு இதுதான் பொருள் என்று ஒரு மனிதர் யோசித்து எழுதியிருக்கிறார்.

நான் அழுத்திய ஒய் கீ

இப்போது என் கதை. கட்டளைத் திரையில் நாம் டைப் செய்வதை வாங்கிப் புரிந்துகொள்ளும் புரோகிராமுக்கு ஷெல் என்று பெயர். அவற்றில் ஒன்று இசட்ஷெல். மேக்கில் 2019 முதல் புதிய பயனர்களுக்கு இதுதான் தானாகக் கிடைக்கிறது. என் லினக்ஸ் லேப்டாப்பிலும் அதையே வைத்திருக்கிறேன்.

இசட்ஷெல்லில் பிழை திருத்தும் வசதி இரண்டு அளவில் உள்ளது. "கரெக்ட்" என்பது கட்டளையின் பெயரை மட்டும் திருத்தும். "கரெக்ட்ஆல்" என்பது கட்டளைக்குப் பின்னால் வரும் ஃபைல், ஃபோல்டர் பெயர்களையும் திருத்தும். இரண்டுமே தானாக இயங்காது. நாம்தான் இயக்க வேண்டும். நண்பர் ஒருவரின் அமைப்பு ஃபைலை அப்படியே காப்பி செய்தபோது என் லேப்டாப்பில் கரெக்ட்ஆல் வந்து உட்கார்ந்துகொண்டது.

முதலில் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. நாளுக்குப் பத்துத் தடவை "இதை அதுவாகத் திருத்தட்டுமா?" என்று கேட்கும். பெரும்பாலும் ஒய்தான் சரியான பதில். சில நாட்களில் கேள்வியைப் படிப்பதையே நிறுத்திவிட்டேன். விரல் தானாக ஒய் கீக்குப் போய்விடும்.

என் லேப்டாப்பில் "போட்டோஸ்" என்று ஒரு ஃபோல்டர். போனிலிருந்து படங்களை எடுத்தபோது தவறுதலாக இரண்டு தடவை காப்பி ஆகி, "போட்டோஸ்1" என்று இன்னொன்றும் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இடம் காலி செய்ய நினைத்து, போட்டோஸ்1 ஃபோல்டரை அழிக்கும் கட்டளையைக் கொடுத்தேன். லினக்ஸில் அழிக்கும் கட்டளை "ஆர்எம்". அதோடு "மைனஸ் ஆர்" சேர்த்தால் ஃபோல்டரை உள்ளே இருப்பவற்றோடு சேர்த்து அழித்துவிடும்.

நான் மறந்துபோன விஷயம், போட்டோஸ்1 ஃபோல்டரை முந்தைய வாரமே அழித்துவிட்டேன் என்பது. இல்லாத பெயரைக் கண்டதும் இசட்ஷெல் பக்கத்தில் தேடியது. ஓர் எழுத்து குறைந்தால் போட்டோஸ். தூரம் 1. "போட்டோஸ்1 என்பதைப் போட்டோஸ் எனத் திருத்தட்டுமா?" என்று கேட்டது. நான் ஒய் அழுத்தினேன்.

ஆர்எம் கட்டளை அழிப்பவை குப்பைத் தொட்டிக்குப் போகாது. நேராக அழிந்துவிடும். ஆச்சியின் பிறந்தநாளுக்குக் குடும்பமே ஊரில் கூடியபோது எடுத்த படங்கள் அதில்தான் இருந்தன. இடம் வேண்டும் என்று போனிலிருந்து அவற்றை ஏற்கெனவே நீக்கியிருந்தேன். வெளி ஹார்ட் டிஸ்க்கில் கடைசியாக பேக்கப் எடுத்தது விழாவுக்கு இரண்டு மாதம் முன்பு. அழிந்த படங்களை மீட்கும் போட்டோரெக் என்ற இலவச சாஃப்ட்வேரையும் ஓட்டிப் பார்த்தேன். என் லேப்டாப்பில் இருப்பது எஸ்எஸ்டி. அழிக்கப்பட்ட இடத்தை இவ்வகை டிஸ்க் விரைவில் தானே துடைத்துவிடும் என்பதால் ஒன்றும் தேறவில்லை.

அம்மாவிடம் சொன்னபோது, "ஒரு வார்த்தை கேக்காம எப்படிடா அழிக்கும் அது?" என்றார்கள். கேட்டது அம்மா, நான்தான் படிக்கவில்லை என்றேன். பிறகு சித்தியும் அத்தானும் தங்கள் போன்களில் வாட்ஸ்அப்பில் வந்திருந்த சில படங்களை அனுப்பினார்கள். அனுப்பும்போது சுருக்கப்பட்டவை என்பதால் பெரிதாக்கினால் மங்கிவிடுகின்றன. ஆச்சி மறைந்தபோது ஃப்ரேம் போட அவற்றில் ஒன்றைத்தான் பயன்படுத்த வேண்டியிருந்தது.

அங்கே வந்த யோசனை நல்ல யோசனையா? எழுத்துக் கணக்கின்படி குறையே சொல்ல முடியாது. ஆனால் நான் எழுத்துப் பிழை செய்யவில்லை. நான் கேட்ட ஃபோல்டர் இல்லை, அவ்வளவுதான். "அப்படி ஒன்றும் இல்லை" என்று வெறுமனே சொல்லியிருந்தால் போதும்.

இது பழைய கதைதான்

இதே விபத்து பல பத்தாண்டுகளுக்கு முன்பே நடந்திருக்கிறது. வாரன் டைடல்மேன் என்ற அமெரிக்கக் கம்ப்யூட்டர் விஞ்ஞானி 1960-களில் "டூ வாட் ஐ மீன்" என்ற பெயரில் ஒரு வசதியை உருவாக்கினார். "நான் நினைப்பதைச் செய்" என்று பொருள். சுருக்கமாக டிவிம். எழுத்துப் பிழைகளைத் தானே திருத்திக்கொள்ளும். கலிஃபோர்னியாவில் உள்ள ஜெராக்ஸ் பார்க் ஆராய்ச்சிக் கூடத்தில் கட்டளைகளைப் படிக்கும் புரோகிராமிலும் அவர் இதைச் சேர்த்தார்.

புரோகிராமர்களின் வழக்குச் சொற்களைத் தொகுத்த ஜார்கன் ஃபைல் என்ற அகராதி ஒரு சம்பவத்தைச் சொல்கிறது. அங்கிருந்த எடிட்டர், பழைய பிரதிகளின் பெயரில் டாலர் குறியைச் சேர்த்துச் சேமிக்கும். ஒருவர் டிஸ்க்கில் இடம் காலி செய்ய, "டாலர் குறியில் முடியும் எல்லா ஃபைல்களையும் அழி" என்று கட்டளை கொடுத்தார். அப்போது அப்படிப்பட்ட ஃபைல் ஒன்றுகூட இல்லை. டிவிம் உடனே, அது கிடைக்கவில்லை, எல்லா ஃபைல்களையும் அழி என்று சொல்ல வந்ததாக எடுத்துக்கொள்கிறேன் என்று அறிவித்துவிட்டு, டிஸ்க்கில் உள்ள அனைத்தையும் அழிக்கத் தொடங்கியது. அவர் பாய்ந்து நிறுத்துவதற்குள் ஆறேழு ஃபைல்கள் போய்விட்டன.

இல்லாததை அழிக்கச் சொன்னவருக்கு இருப்பதை அழித்துக் கொடுத்தது. எனக்கு நடந்ததும் அதேதான். ஒரே வேறுபாடு, என்னிடம் கேட்டுவிட்டுச் செய்தது.

ஏமாற்றுக்காரர்களுக்கும் இது வழி

எழுத்துப் பிழையை எதிர்பார்த்துக் காத்திருப்பவர்களும் உண்டு. என்பிஎம் தளத்தில் "கிராஸ்-என்வ்" என்று பிரபலமான சாஃப்ட்வேர் உள்ளது. நடுவில் உள்ள சிறு கோட்டை மட்டும் எடுத்துவிட்டு அதே பெயரில் ஒருவர் போலியை ஏற்றி வைத்திருந்தது 2017 ஆகஸ்டில் தெரியவந்தது. கோட்டை மறந்து டைப் செய்தவர்களின் கம்ப்யூட்டர் அமைப்புத் தகவல்களை அது திருடி அனுப்பியது. கடவுச்சொற்களைப் பலர் அங்கேதான் வைத்திருப்பார்கள்.

2024 பிப்ரவரியில் அக்வா செக்யூரிட்டி என்ற நிறுவனத்தின் ஆய்வாளர்கள் உபுண்டுவின் "இப்படி இன்ஸ்டால் செய்யலாம்" என்ற யோசனையையே ஆராய்ந்தார்கள். உபுண்டு, சாஃப்ட்வேர்களைப் பெறும் இடங்களில் ஸ்நாப் ஸ்டோரும் ஒன்று. அங்கே யார் வேண்டுமானாலும் சாஃப்ட்வேரை ஏற்றலாம். எவரும் பதிவு செய்யாத ஒரு பெயரைத் தீயவர் பதிவு செய்துகொண்டால், உபுண்டுவே அந்தப் பெயரைப் பரிந்துரைக்க வாய்ப்புள்ளது என்று அவர்கள் காட்டினார்கள். எனவே திரையில் வரும் யோசனை என்பதாலேயே அது பாதுகாப்பானது என்று எண்ண வேண்டாம்.

நீங்கள் கடைப்பிடிக்க வேண்டியவை

1. யோசனை வந்ததும் கையைக் கீபோர்டிலிருந்து எடுங்கள். வரியை முழுவதும் படியுங்கள். இரண்டு பெயர்களையும் ஒப்பிடுங்கள்.

2. உங்களையே மூன்று கேள்வி கேளுங்கள். எழுத்துப் பிழையா? சாஃப்ட்வேர் நிறுவப்படவில்லையா? தவறான ஃபோல்டரில் இருக்கிறேனா? முதல் கேள்விக்கு ஆம் என்றால் மட்டுமே யோசனை உங்களுக்குப் பயன்படும்.

3. இசட்ஷெல் நான்கு பதில்களை ஏற்கும். ஒய் என்றால் திருத்திச் செய். என் என்றால் நான் டைப் செய்தபடியே செய். ஏ என்றால் எதுவும் செய்யாமல் விட்டுவிடு. இ என்றால் நானே திருத்துகிறேன். சந்தேகம் வந்தால் ஏ கீயை அழுத்துங்கள். எந்த நஷ்டமும் வராது.

4. கரெக்ட்ஆல் உங்கள் கம்ப்யூட்டரில் இயங்கினால் நிறுத்துங்கள். "அன்செட்ஆப்ட்" என்று டைப் செய்து, ஓர் இடைவெளி விட்டு, "கரெக்ட்ஆல்" என்று சேர்த்து டைப் செய்தால் போதும். நிரந்தரமாக நிறுத்த அமைப்பு ஃபைலிலிருந்தும் அந்த வரியை நீக்க வேண்டும். கட்டளைப் பெயரை மட்டும் திருத்தும் கரெக்ட் இருக்கட்டும்.

5. அழிப்பதற்கு முன் பட்டியலைப் பாருங்கள். விண்டோஸில் டிர், லினக்ஸிலும் மேக்கிலும் எல்எஸ். விண்டோஸில் கட்டளை மூலம் அழிப்பவையும் ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது. சந்தேகம் உள்ளவற்றை மவுஸால் அழியுங்கள். வழக்கமாக அவை ரீசைக்கிள் பின்னில் இருக்கும், மீட்டுக்கொள்ளலாம்.

6. "சுடு" என்று தொடங்கும் லினக்ஸ் கட்டளைக்கு முழு அதிகாரம் உண்டு. எழுத்துகள் எஸ், யூ, டி, ஓ. யோசனையில் அந்தச் சொல் இருந்தால், அந்த சாஃப்ட்வேர் என்னவென்று தெரிந்துகொள்ளாமல் செயல்படுத்தாதீர்கள்.

7. பேக்கப் எடுங்கள். போனிலிருந்து படங்களை நீக்கும் முன் இரண்டு இடங்களில் அவை இருக்கின்றனவா என்று பாருங்கள். எத்தனை தடவை கேட்டிருந்தாலும் இதைச் செய்தவர்கள் குறைவு. நானும் செய்யவில்லை.

பிழை வராமலே தடுக்க டேப் கீ

தவறு செய்தபின் வரும் யோசனையைவிட, தவறு செய்யுமுன் வரும் உதவி மேலானது. அதற்கு டேப் கீ உள்ளது. பெயரின் முதல் சில எழுத்துகளை டைப் செய்து டேப் கீயை அழுத்துங்கள். மீதியைக் கம்ப்யூட்டரே நிரப்பும். கமாண்ட் பிராம்ப்ட், பவர்ஷெல், லினக்ஸ், மேக் எல்லாவற்றிலும் இது வேலை செய்யும்.

இதில் ஊகத்துக்கு இடமில்லை. உண்மையில் இருக்கும் பெயர்களிலிருந்து மட்டுமே நிரப்பும். அந்த ஞாயிற்றுக்கிழமை போட்டோஸ்1 என்று டைப் செய்து டேப் அழுத்தியிருந்தால் ஒன்றும் நிரம்பியிருக்காது. அப்படி ஒரு ஃபோல்டர் இல்லை என்று அங்கேயே எனக்குத் தெரிந்திருக்கும்.

மேல் அம்புக்குறிக் கீயும் பயனுள்ளது. அதை அழுத்தினால் கடைசியாகக் கொடுத்த கட்டளை திரும்ப வரும். தவறான எழுத்தை மட்டும் திருத்தி என்டர் அழுத்தலாம். முழுவதும் மறுபடி டைப் செய்து புதிய பிழை செய்ய வேண்டியதில்லை.

செய்து பாருங்கள்

விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்துகொள்ளுங்கள். கீழே உள்ள எதுவும் ஃபைல்களை மாற்றாது. பயப்படாமல் செய்யலாம்.

1. டிர் என்பதை எழுத்து மாற்றி டி, ஆர், ஐ என்று டைப் செய்து என்டர் அழுத்துங்கள். வரும் பதிலைப் படியுங்கள். யோசனை ஏதும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

2. மேல் அம்புக்குறியை அழுத்துங்கள். தவறான கட்டளை திரும்ப வரும். திருத்தி என்டர் அழுத்துங்கள். பட்டியல் வரும்.

3. ஃபோல்டர் மாற உதவும் "சிடி" கட்டளையை டைப் செய்து, ஓர் இடைவெளி விட்டு, டி என்ற எழுத்தை மட்டும் டைப் செய்யுங்கள். என்டர் அழுத்தாமல் டேப் கீயைத் திரும்பத் திரும்ப அழுத்துங்கள். டாகுமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் என்று டியில் தொடங்கும் உங்கள் ஃபோல்டர்கள் ஒவ்வொன்றாக வந்து போகும்.

4. எஸ்கேப் கீயை அழுத்துங்கள். டைப் செய்த வரி அழிந்துவிடும்.

நான்கையும் இரண்டு மூன்று தடவை செய்து பாருங்கள். டேப் கீ கைக்குப் பழகிவிட்டால், "நீங்கள் சொல்ல வந்தது இதுவா?" என்ற கேள்வி எப்போதாவதுதான் வரும். அப்படி வரும் நாளில் ஒய் அழுத்துமுன் ஒருமுறை படித்துவிடுங்கள்.